அண்ணனின் விமானம் ஏன் விழுந்தது

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு பந்தியில் உட்காரப்போகும் சொந்தங்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் வணக்கம்.

அண்ணன் போய் இந்த ஐப்பசியோடு ஓர் ஆண்டு ஆகிறது. அவரைப் பற்றி, தங்கையான நான் எழுதித் தரவேண்டும் என்று அம்மா சொன்னதும், எதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று சொல்ல வீட்டுக்குப் பலர் வந்தார்கள். "ஏரோப்ளேன் கதைய மட்டும் எழுதிறாத ஆத்தா. போன மனுசனக் கேலி பண்ணுன மாதிரி ஆயிரும்" என்றார் வத்தலக்குண்டுப் பெரியம்மா. இதுவரை கேலி செய்தது யார் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன். இந்த மலரைப் பிரித்திருப்பவர்களில் பாதிப் பேர். அதனால் இந்தக் கட்டுரை அந்த விமானத்தைப் பற்றியதுதான்.

முறைப்படி சொல்ல வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பிறந்தது திண்டுக்கல் நாகல் நகரில், பூட்டுப் பட்டறைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திய பட்டறை அது. அவருக்கும் எனக்கும் நடுவில் பிறந்தவர்கள் தங்கவில்லை. நான் தொட்டிலில் கிடந்தபோது அண்ணனுக்கு மீசை அரும்பியிருந்தது. சுதந்திரம் வந்த வருடம் விமானப்படையில் சேர்ந்தார். ஓட்டுவதற்கு அல்ல, விமானங்களின் உடலையும் இறக்கையையும் பழுதுபார்க்கும் வேலைக்கு. அங்கே அவர் கைக்கு வந்தது டெம்பஸ்ட் என்ற போர் விமானம். ஒற்றை எஞ்சின், ஒரே ஒருவர் உட்காரும் இடம், இறக்கைகளில் நான்கு பீரங்கிக் குழாய்கள். மழைத் தண்ணீர் அதன் எந்த மூட்டில் தங்கும், எந்தத் தகடு முதலில் தளரும் என்பதெல்லாம் அவருக்கு உடம்பில் ஊறியிருந்தது.

சில வருடங்களில் மூட்டுக்காய்ச்சல் வந்து இதயத்தைத் தொட்டுவிட்டது. படையிலிருந்து விடுவித்து அனுப்பினார்கள். அவர் ஊர் திரும்பிய சில மாதங்களில் அப்பா காலமானார். அம்மாவையும் எங்கள் இருவரையும் தாங்கியவர் சித்தப்பாதான். பட்டறையில் அண்ணனுக்கு வேலை கொடுத்தார். என்னை மதுரைக்கு அனுப்பி பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தார். இன்று நான் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன் என்றால் அது அவரால்தான். இதை முதலிலேயே எழுதுகிறேன். பின்னால் எழுதப்போவது இதை அழிக்காது. இதுவும் பின்னால் எழுதப்போவதை அழிக்காது.

அண்ணன் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் 'டா' போட்டுக் கூப்பிட மாட்டார். கோபம் எங்கள் வீட்டில் எனக்கு மட்டுமே வந்தது, அவருக்கும் சேர்த்து.

பூட்டு வேலை முடிந்த பிறகு, பட்டறையின் வடக்கு ஓரத்துப் பலகையில் அவர் டெம்பஸ்டைக் கட்டத் தொடங்கினார். நிஜ விமானத்தில் எட்டில் ஒரு பங்கு. ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை என் உயரம். அதை வானொலி அலையால் தரையிலிருந்தே திருப்ப வேண்டும் என்பது திட்டம். பலர் அதைப் பொம்மை என்று சொன்னதால், எதனால் கட்டினார் என்று சொல்கிறேன்.

சீமையில் இதற்கென்றே விற்கும் லேசான மரம் நமக்குக் கிடைக்காது. வத்தலக்குண்டுப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர நட்டு வைப்பார்களே, கல்யாண முருங்கை, அதை வாங்கி நிழலில் காயவைத்து மெல்லிய பலகையாக இழைத்தார். வளைய வேண்டிய இடத்துக்கு மூங்கில் சிம்பு. மூக்கின் உருண்டைப் பகுதிக்கு நெட்டி. எலும்புக்கூட்டின் மேல் மெல்லிய பட்டுத் துணி. அந்தத் துணி மத்தளம் போல இறுகுவதற்கு ஒரு பூச்சு வேண்டும். டாக்கீஸில் வெட்டி எறிந்த பழைய பிலிம் துண்டுகளைக் கழுவி, அசிட்டோனில் கரைத்து, அந்தப் பூச்சை அவரே தயாரித்தார். பிலிம் துண்டு வாங்கி வந்தவர் காதர் அண்ணன். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், அண்ணனின் ஒரே நண்பர். விமானத்துக்குள் இருக்கும் வானொலியும், தரையிலிருந்து உத்தரவு அனுப்பும் பெட்டியும் அவர் வேலை. அந்தப் பெட்டிக்கு முறைப்படி லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். வேவு பார்க்கிறார்கள் என்று தெருவில் பேசியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கட்டியது பாதி வேலைதான். மீதிப் பாதி அதை நிஜம் போல ஆக்குவது. தகடுகளைப் பிணைக்கும் ஆணித் தலைகளுக்காக ஊசி நுனியில் பசையைத் தொட்டு ஒவ்வொரு புள்ளியாக வைத்தார். வரிசை கோணினால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பீரங்கிக் குழாய்களில் தூசி போகாமலிருக்க நிஜ விமானத்தில் சிவப்புத் துணி ஒட்டுவார்களாம், அதையும் ஒட்டினார். எஞ்சின் புகை படியும் இடத்தில் மண்ணெண்ணெய் விளக்கின் கரி. இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி, அடியிலிருந்த வெள்ளி நிறம் தெரிய விட்டார். "அழகா இருந்ததை ஏண்ணே சொரண்டுறீங்க?" என்று கேட்டேன். "அங்க மிதிச்சுத்தாம்மா ஏறுவோம். என் பூட்ஸ் பட்ட எடம்" என்றார்.

ஓட்டுபவர் இருக்கைக்கு முன்னால் கடிகாரம் போல வட்டமாக இருக்கும் அளவுமானிகளை வரைந்தது நான். ஒவ்வொன்றும் மிளகு அளவு. படிப்பில் சேர்ந்த புதிது, அழித்து அழித்து வரைந்தேன்.

"உள்ள யாருண்ணே எட்டிப் பாக்கப் போறா?"

"ஓட்டுறவன் பாப்பான்ல."

"ஓட்டுறவன் பொம்மைண்ணே."

"அது அவனுக்குத் தெரியாதும்மா. சொல்லிராத."

ஓர் இடத்தில் மட்டும் அவர் அளவை மீறினார். இறக்கை நுனிகளை நிஜத்தைவிடக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தார். நான் ஸ்கேலோடு போய்ச் சண்டை போட்டேன். "அளவு பாத்து வச்சா அழகா விழும். இப்படி வச்சாத்தான் தன்னால நிமிரும்" என்றார். விழாமலிருக்க அவர் எவ்வளவு யோசித்தார் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சுக்கானைப் பற்றியும் சொல்ல வேண்டும். வால் பகுதியில் செங்குத்தாக நின்று, இடமும் வலமும் அசைந்து விமானத்தைத் திருப்பும் சிறு பலகைதான் சுக்கான். தரையில் பெட்டியின் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அது இடது பக்கம் திரும்பும். இருமுறை அழுத்தினால் வலது. விட்டால் நேராக வந்துவிடும். அதை அசைப்பது மோட்டார் அல்ல, விமானத்தின் வயிற்றுக்குள் முறுக்கி வைத்த ஒரு ரப்பர் இழை. அதன் பலம் மிகக் குறைவு. அதனால் சுக்கானின் கீல் எந்தத் தடையும் இல்லாமல், வாயால் ஊதினாலே ஆட வேண்டும். அண்ணன் தினமும் ஊதிப் பார்ப்பார்.

சீனச் சண்டைக்கு அடுத்த வருடம், ஊரில் புதிதாகத் தொடங்கவிருந்த ஒரு தொழிற்பள்ளியின் தாளாளர் இதைக் கேள்விப்பட்டுப் பட்டறைக்கு வந்தார். பலகையைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். மாணவர்களுக்கு விமான மாதிரி செய்யக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியர் வேண்டும் என்றார். "கமிட்டிக்காரங்களோட வர்றேன். ஒருதரம் பறக்கவிட்டுக் காட்டுங்க. அப்புறம் அந்த வேலை உங்களுக்குத்தான்." சம்மட்டி தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த மனிதருக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று நான் விளக்க வேண்டியதில்லை. அன்று அண்ணன் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

நாள் பார்த்தவர் சித்தப்பா. விஜயதசமி. பழனி சாலையில் இருக்கும் குளத்துப் பொட்டல்.

அதற்கு முதல் நாள் பட்டறையில் ஆயுத பூஜை. எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பட்டறைக் கல், அரம், துளை போடும் மிஷின், தராசு, சைக்கிள், கடைசியில் விளக்குமாறு வரை சித்தப்பா தன் கையால் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தார். வடக்கு ஓரத்துப் பலகைக்கு வந்தபோது அண்ணன் குறுக்கே நின்றார்.

"இதுக்கு வேணாம் சித்தப்பா. ஈரம் ஆகாது."

"சாமிக்கு வைக்கிறது ஈரமாடா?"

"கீல்ல பட்டுச்சுன்னா பிடிச்சுக்கிரும். மூக்குல மட்டும் ஒரு பொட்டு வையுங்க, போதும்."

சித்தப்பா மூக்கில் ஒரு பொட்டு வைத்தார். ஆனால் முகம் கோணிப்போயிற்று. சாப்பிடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "வெளக்குமாத்துக்கு வச்சேன். அம்புட்டுப் பெரிய விமானத்துக்கு ஒத்தப் பொட்டு. மனசே ஆறல."

மறுநாள் பொட்டலில் ஊரே திரண்டிருந்தது. சண்டை முடிந்த சமயம் என்பதால் போர் விமானம் என்றதும் பள்ளிப் பிள்ளைகள் முதல் தோல் பதனிடும் ஷாப்புக்காரர்கள் வரை வந்துவிட்டார்கள். கமிட்டியார் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். காதர் அண்ணன் பெட்டியோடு நின்றார். நான் பேட்டரி இணைப்புகளைச் சரிபார்த்தேன். மூக்கில் வைத்த சிறு எஞ்சின் ஓடத் தொடங்கினால் விமானம் முன்னால் இழுக்கும், யாராவது வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அண்ணன் அந்த மரியாதையைச் சித்தப்பாவுக்குக் கொடுத்தார். முதல் நாள் மனத்தாங்கலைப் போக்கத்தான் கொடுத்தார் என்று எனக்குத் தெரியும்.

சித்தப்பாவின் வேட்டி மடியில் பித்தளைச் சந்தனக் கிண்ணமும் குங்குமப் பொட்டலமும் இருந்தன. நான் பார்த்தேன். பூஜைத் தட்டில் இருந்து எடுத்து வந்தது, கமிட்டியாருக்குக் கொடுக்க என்று நினைத்தேன்.

அண்ணன் முன்னால் குனிந்து, மூக்கு நுனியில் சுழலும் விசிறியைச் சுண்டினார். எஞ்சின் பிடித்தது. காதர் அண்ணன் பொத்தானை அழுத்தினார். சுக்கான் இடம் போனது, வலம் போனது, நேரே நின்றது. எல்லாம் சரியாக இருந்தது. அண்ணன் கை காட்டினார். சித்தப்பா வாலை விட்டார்.

பறந்தது. அதை நான் எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் உங்களில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பொட்டலின் மேடு பள்ளத்தில் குதித்து ஓடி, எழும்பி, பனைமரங்களுக்கு மேலே போய், மலைக்கோட்டையைப் பார்த்து ஒரு வட்டம் அடித்தது. வெயிலில் இறக்கை மின்னியது. மறுபடி ஒரு வட்டம். அந்தத் தொலைவில் அது எட்டில் ஒரு பங்கு என்று யாராலும் சொல்ல முடியாது. அண்ணன் வாயைத் திறந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாவது வட்டத்துக்கு வலப்பக்கம் திரும்பியது. திரும்பியது திரும்பியபடியே இருந்தது. "விடு காதர், விட்டுரு" என்றார் அண்ணன். "விட்டுத்தான் மாப்ள இருக்கேன்" என்றார் அவர். சுக்கான் நேரே வரவில்லை. சுற்றச் சுற்ற மூக்கு தாழ்ந்தது. விமானம் குளத்துக் கரையில் மோதிய சத்தம், கையிலிருந்த பானை தவறி விழுந்த சத்தம் போலத்தான் இருந்தது. அவ்வளவு வேலைக்கு அவ்வளவு சின்னச் சத்தம்.

முதலில் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை. "ஏலே, சண்டையில விழுற மாதிரியே விழுந்துச்சுடா, அச்சு அசல்" என்றது அந்தக் குரல். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தாளாளர் எழுந்து வந்து அண்ணனின் தோளைத் தட்டினார். "உழைப்பு தெரியுது. ஆனா பிள்ளைங்க நடுவுல இது விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் கண்டதை வைத்துச் சொன்னார்.

சித்தப்பா சொன்னது இது: "நேத்து முழுசா வைக்க விட்டிருந்தா இப்படி ஆகுமா? ஒத்தப் பொட்டோட நிறுத்துனான். சாமி நிறுத்திருச்சு." அதை அங்கே சொன்னார். வீட்டில் சொன்னார். அதற்குப் பின் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் காதுகுத்திலும் சொன்னார். நீங்களும் தலையாட்டினீர்கள்.

நொறுங்கியவற்றைப் பொறுக்கிச் சாக்கில் போட்டது நானும் காதர் அண்ணனும். வால் துண்டு முழுசாகக் கிடைத்தது. சுக்கான் வலப்பக்கம் திரும்பி நின்றிருந்தது. ஊதினேன், அசையவில்லை. விரலால் தள்ளினேன், அசையவில்லை. கீலின் இடுக்கில் மஞ்சளாக ஏதோ இறுகிப் போயிருந்தது. கீறினேன். பொடியாக உதிர்ந்தது, மணந்தது. சந்தனம். அதன் மேல் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம்.

ஒன்றும் புரியாதவர்களுக்காக விளக்கமாகவே எழுதுகிறேன். வாலைப் பிடித்திருந்தபோது, யாரும் பார்க்காத சமயத்தில், அந்த ஒற்றைப் பொட்டின் குறையைத் தீர்க்க ஒரு பொட்டு வைக்கப்பட்டது. ஈரச் சந்தனம் வழுக்கும். அதனால் தரையில் சோதித்தபோது சுக்கான் அசைந்தது. மேலே போனதும் வெயிலும் காற்றும் அதை உலர்த்தின. உலர்ந்த சந்தனம் இறுகும். ரப்பர் இழைக்கு அதை மீறும் பலம் கிடையாது. விமானம் ஒத்தப் பொட்டால் விழவில்லை. இரண்டாவது பொட்டால் விழுந்தது.

வால் துண்டை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒருமுறை பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. விழும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"இப்பவே போய்ச் சொல்லுறேன்" என்றேன்.

"வேணாம்."

"அவரு ஊரெல்லாம் உங்களச் சொல்லிக்கிட்டுத் திரியுறாருண்ணே."

"அவரு நல்லதுக்குன்னு நினைச்சு வச்சாரு. இப்பப் போய்ச் சொன்னா அந்த மனுசன் அடுத்த வருசம் எதுக்கும் சந்தனம் வைக்க மாட்டாரு. கை கூசிப் போயிரும். நான் இருக்கிறவரைக்கும் இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்."

காதர் அண்ணனும் நானும் வாக்குக் கொடுத்தோம். அண்ணன் மீது எனக்கு வந்த கோபங்களிலேயே பெரியது அதுதான். இன்றைக்கும் தணியவில்லை. ஒருவர் கை கூசக்கூடாது என்று இவர் தலை குனிந்து நடந்தார். 'ஏரோப்ளேன்காரர்' என்று பெயர் வைத்தீர்கள். பழனிப் பக்கத்திலிருந்து வந்த சம்பந்தம், "பொம்மை விடுறவருங்களா?" என்ற கேள்வியோடு திரும்பிப் போனது. தொழிற்பள்ளியில் வேறு ஒருவர் சேர்ந்தார். அண்ணன் மறுபடி பட்டறையில் அரம் பிடித்தார்.

டெம்பஸ்டை மறுபடியும் கட்டினார். கையில் பலம் குறைந்துகொண்டே வந்ததால் இந்த முறை கூடுதல் காலம் பிடித்தது. முன்பு விட்டுப்போன நுணுக்கங்களும் சேர்ந்தன. இடது இறக்கையில் பூட்ஸ் தேய்மானம், மிளகுக் கடிகாரங்கள், சக்கரக் கதவின் உட்புறத்துப் பச்சை வண்ணம், எல்லாம் இருக்கிறது. கடைசியாகச் சுக்கானைப் பொருத்தி ஊதிப் பார்த்தார். ஆடியது. அதற்குள் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. பொட்டலுக்குப் போக டாக்டர் அனுமதிக்கவில்லை. சென்ற ஐப்பசியில், ஒரு காலைப் பொழுதில், பட்டறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் இதயம் நின்றுவிட்டது.

'நான் இருக்கிறவரைக்கும்' என்ற வாக்கு அன்றோடு முடிந்தது. ஆனாலும் அச்சில் வருவதற்கு முன் நேரில் சொல்ல வேண்டும் என்று, இந்த ஆவணியில் வால் துண்டை எடுத்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனேன். அதை இத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாமிக்கு வச்சது கெடுக்குமா தாயி?" என்றார் முதலில்.

"சந்தனம் காஞ்சா இறுகும் சித்தப்பா. சாமிக்கு வச்சாலும் இறுகும்."

கீலை விரலால் தள்ளிப் பார்த்தார். பூட்டுக்காரர். கீல் ஏன் பிடிக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுபடியும் தள்ளிப் பார்த்தார். பிறகு, "அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"சொன்னாரு. முத நாளே சொன்னாரு. கீல்ல பட்டா பிடிச்சுக்கிரும்னு."

நான் அவ்வளவு உரத்துப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. சித்தி அடுக்களையிலிருந்து வந்து நின்றார். சித்தப்பா வால் துண்டை மடியில் வைத்துக்கொண்டார். "எழுது. எல்லாத்தையும் எழுது. ஆனா பயபக்தியோடதான் வச்சேன், அதையும் எழுது" என்றார்.

பயபக்தியோடுதான் வைத்தார். எழுதிவிட்டேன். அது உண்மை. அது போதாது என்பதும் உண்மை.

சில வாரங்களுக்கு முன் ஆயுத பூஜை வந்தது. சித்தப்பா சந்தனக் கிண்ணத்தோடு பட்டறையைச் சுற்றி வந்தார். அண்ணன் பயந்தபடி அவர் கை கூசத்தான் செய்தது. இருந்தாலும் வைத்தார். வடக்கு ஓரத்துப் பலகைக்கு வந்ததும் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து சுக்கானை ஊதிப் பார்த்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கடைசி மாதங்களில் அழைத்தபோதெல்லாம் சைக்கிளில் வந்த டாக்டருக்கு நன்றி. அண்ணனைச் சுமந்த பட்டறைத் தொழிலாளர்களுக்கு நன்றி. கொடிக்காலிலிருந்து இரண்டாவது முறையும் மரம் அனுப்பிய வத்தலக்குண்டுப் பெரியப்பாவுக்கு நன்றி. வாக்கைக் காப்பாற்றிய காதர் அண்ணனுக்கு நன்றி. எங்களைத் தாங்கிய சித்தப்பாவுக்கும் நன்றி.

பந்தி முடிந்ததும், மழை விட்டிருந்தால், அதே பொட்டலில் டெம்பஸ்ட் பறக்கும். பெட்டியைக் காதர் அண்ணன் சுமப்பார், பொத்தான் என் கையில் இருக்கும். விழலாம். விழுந்தால் காற்றாலோ என் கையாலோ விழுந்ததாக இருக்கும், அதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. அன்று வந்து சிரித்தவர்கள் எல்லோரும் இன்றும் வர வேண்டும். வாலைப் பிடிக்கப்போவது சித்தப்பாதான், அவரே கேட்டார். மற்றவர்கள் அண்ணனின் படத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சந்தனம் வையுங்கள். விமானத்தை மட்டும் தொடாதீர்கள்.